தோண்டாத கிணற்றின் தண்ணீர்

பத்திலிருந்து ஒன்று வரை, மூன்று மணி நேரம். புத்தகம் படிக்கக் கூடாது, போனைத் தொடக் கூடாது, ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கக் கூடாது என்று தேர்வறைக் கண்காணிப்பாளருக்கான விதிகளைக் கதவில் ஒட்டியிருந்தார்கள். யோசிக்கக் கூடாது என்று மட்டும் அதில் இல்லை. அதையும் சேர்த்து ஒட்டியிருந்தால் மரகதவல்லிக்கு இன்றைக்குப் பெரிய உபகாரமாக இருந்திருக்கும். எதிரே பத்தொன்பது பேர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். எம்.ஏ. இரண்டாம் ஆண்டு, மேக்ரோ பொருளாதாரக் கோட்பாட்டுத் தாள். ஒரு நாட்டின் உற்பத்தி, வட்டி, விலைவாசி எல்லாவற்றையும் நாலு சமன்பாட்டுக்குள் அடக்கிவிடலாம் என்று நம்புகிறவர்களின் பாடம். அவளும் அப்படி நம்பித்தான் ஆறு வருஷத்துக்கு முன்னால் அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு பெட்டியும் ஒரு பிளாஸ்டிக் வாளியுமாகச் சென்னையின் இந்த ஆய்வு நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தாள். வாளி இன்னும் இருக்கிறது. மேசைமேல் காக்கி உறைக்குள் அவளுடைய ஆய்வேடு, நூற்று நாற்பத்திரண்டு பக்கம், எல்லாவற்றுக்கும் மேலே நெறியாளரின் சான்றிதழ். ஒரு மணிக்குக் கோதைநாயகி மேடம் விடைத்தாள் கட்டை வாங்க வருவார், வந்த கையோடு சான்றிதழில் கையெழுத்துப் போடுவார், சாயங்காலத்துக்குள் ஆய்வேடு பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விடும், ஜூனில் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் வேலை. மேடமும் இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார், அவர் அறையிலிருந்த புத்தகங்கள் அட்டைப் பெட்டிக்குள் போய்விட்டன, கடைசி மாணவி இவள்தான். எல்லாம் முடிந்த மாதிரிதான். ஆய்வேடு தப்பு என்பது ஒன்றுதான் இடிக்கிறது. அது அவளுக்கு மட்டும் தெரியும், அதுவும் இன்று காலை ஆறரை மணியிலிருந்துதான் தெரியும்.

ஆறரைக்கு அவள் பிழை தேடவில்லை, வரைபடங்களில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தாள், வேறொன்றுமில்லை. நாலு வருஷமாகப் பார்த்துப் பார்த்துப் பழகிய கோடு. மழை பொய்த்த வருஷத்தில் வட்டியைக் குறைத்தால் கிராமத்துக் குடும்பம் ஒரு கிணறு தோண்டும், தோண்டினால் அந்த வருஷமே தலைநிமிர்ந்துவிடும், கோடு சட்டென்று மேலே ஏறும். அந்த வருஷமே என்ற இரண்டு வார்த்தைதான் அவளுடைய ஆய்வேடு. புனேயில் ஒரு கருத்தரங்கில் அதைச் சொன்னபோது முன்வரிசையில் ஒருவர் ஆச்சரியமான முடிவு என்றார், அவளும் மகிழ்ந்துபோய் அந்த வார்த்தையை ஹாஸ்டல் அறைக்குக் கொண்டுவந்து ஒரு வாரம் வைத்துக்கொண்டிருந்தாள். ஆச்சரியம் அவருக்கு வந்ததற்குப் பதிலாக இவளுக்கு வந்திருக்க வேண்டும். இன்று காலை எழுத்தைப் பெரிதாக்கியதும் கோடும் பெரிதாகத் தெரிந்தது, அப்போது பல் துலக்காத வாயோடு அவள் கேட்டுக்கொண்டாள், அதெப்படி அந்த வருஷமே. பந்தல்குடியில் சித்தப்பா போர் போட்டது அவளுக்குப் பதினோரு வயதாகும்போது, லாரி வந்தது சித்திரையில், மின் இணைப்பு வந்தது மறுவருஷம் ஐப்பசியில், நடுவில் ஒன்றரை வருஷம் அந்தக் குழாய் மேல் சாக்கைக் கட்டி மூடிவைத்திருந்தார்கள், அவளே அதன்மேல் உட்கார்ந்து கொடுக்காப்புளி தின்றிருக்கிறாள். சாக்கின் சொரசொரப்புகூட நினைவிருக்கிறது. அப்படிப்பட்டவள் எழுதிய சமன்பாட்டில் தோண்ட ஆரம்பித்த வருஷமே தண்ணீர் வந்துவிட்டது. சரியாகச் சொன்னால் தோண்டுவதற்கு முன்னாலேயே இறைத்துவிட்டார்கள். இந்தத் தொழிலில் கணினிக்கு ஒரு வழக்கம் உண்டு, கிணற்றை எந்த வருஷம் முடிவு செய்தார்களோ அந்த வருஷத்தின் கணக்கில் எழுத வேண்டும், அதிலிருந்து தண்ணீர் எடுக்கும்போது பக்கத்தில் மைனஸ் ஒன்று என்று போட வேண்டும், போன வருஷத்துக் கிணறு என்று அதற்குப் புரியும். அறுபத்தோராம் பக்கத்தில், நாலாவது சமன்பாட்டில், அவள் அந்த மைனஸ் ஒன்றைப் போடவில்லை. காலையில் போட்டுப் பார்த்தாள். கோடு கீழே போனது. முதல் வருஷம் குடும்பம் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு கிணறு தோண்டியது, இரண்டாம் வருஷமும் கடனைக் கட்டக் குறைத்துக்கொண்டது, மூன்றாம் வருஷம்தான் நிமிர்ந்து பார்த்தது. எல்லாரும் அறிந்த விஷயம். இதற்கு ஆறு வருஷம் படிக்க வேண்டியதில்லை, சித்தப்பாவைக் கேட்டால் டீ குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடுவார்.

மின்விசிறி ஒன்று டக் டக்கென்று தட்டியது. யாரோ கூடுதல் தாள் கேட்டார்கள், கொடுத்தாள், நூல் கேட்டார்கள், கொடுத்தாள். தாளைக் கோத்துக் கட்டும் இந்த வெள்ளை நூலைத் தவிர இந்த அறையில் அவளை யாருக்கும் தேவையில்லை. எதிர் பெஞ்சில் ஒருவன் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தான், அவனுக்கு இரண்டாவது கேள்வி வரவில்லை போலிருக்கிறது. இரண்டாவது கேள்வி ஒற்றைக் குடும்பம். நாட்டில் இத்தனை கோடிப் பேர் இருந்தாலும் எல்லாருக்கும் பதிலாக ஒரே ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம், அது சாகாமல் என்றென்றைக்கும் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம் என்று ஆரம்பிக்கும். முதல் வருஷம் வகுப்பில் இதைக் கேட்டதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிர்தௌஸ் நோட்டின் ஓரத்தில், பாவம்டி, பேச்சுத்துணைக்கு ஆளில்லையே என்று எழுதிக் காட்டினாள். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்துக்கு அவர்கள் இருவரும் கோமதி வீடு என்று பெயர் வைத்தார்கள். கோமதி வீட்டில் இன்றைக்கு என்ன, வரி போட்டுவிட்டார்கள். கோமதி என்ன செய்தாள், நாளைக்காகச் சேர்த்துவைத்தாள். கோமதிக்கு அண்டை வீடு இல்லை, சண்டைக்கு வர ஒரு நாத்தனார் இல்லை, காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆளில்லை, ஆனாலும் எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்து ஒரு தப்பும் செய்யாமல் வாழ்ந்துகொண்டிருப்பாள். சிரிப்பாக இருந்தது அப்போது. சேர்ந்தது ஐந்து பேர். ஒருவன் வங்கி வேலைக்குப் போனான், ஒருவன் கனடா போனான், ஒருத்தி எங்கே போனாள் என்றே தெரியவில்லை, பிர்தௌஸ் மூன்றாம் வருஷம் பாதியில் கல்யாணமாகி ஹைதராபாத் போனாள். கொஞ்ச நாள் தினம் பேசினாள், அப்புறம் வெள்ளிக்கிழமை, அப்புறம் பெருநாளைக்கு. ஆய்வேடு முடிந்துவிட்டது என்று இரண்டு மாதத்துக்கு முன் எழுதியதற்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. கோபமில்லை, அவளுக்குக் கைக்குழந்தை. ஆனால் காலையில் ஆறரைக்கு, ஐயோ என்று சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. போனை எடுத்துப் பெயர்களை மேலிருந்து கீழ்வரை தள்ளிப் பார்த்தாள், இந்த மைனஸ் ஒன்று யாருக்குப் புரியும், புரிகிறவர்கள் யாருக்கு அவளைத் தெரியும், கடைசியில் போனைக் கவிழ்த்துவைத்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள். தனியாக இருப்பது பழகிவிட்டது என்று நினைத்திருந்தாள். பழகவே இல்லை.

எட்டுப் பத்துக்கு அப்பா கூப்பிட்டார். அப்பா பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர், இன்னமும் எதையும் பத்தின் மடங்கில்தான் செய்வார். ஆறு வருஷமாக ஒரே கேள்வி. என்ன தாயி, எப்ப முடியும். இன்றைக்கு அதை மாற்றிக் கேட்டார், இன்னைக்குத்தான முடியுது தாயி, மத்தியானம் கையெழுத்துப் போட்டுருவாகள்ல என்றார். ஆமாம் என்றாள். பழைய டிப்போ ஆள்களுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டதாம், சாயங்காலம் காராச்சேவு வாங்கித் தரப்போகிறாராம். அம்மா போனை வாங்கிச் சாப்பிட்டியா என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தாள். சின்ன வயதில் அப்பாவின் கூண்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள், கண்டக்டர்கள் கண்ணாடிக்குள் தலையை விட்டுக் கெஞ்சுவார்கள், அண்ணே ஒரு அஞ்சு நிமிஷம் முன்னாடி போட்டுவிடுங்கண்ணே என்று. அப்பா போடமாட்டார். ரொம்ப நல்லவர் என்பதால் இல்லை, ஒன்றை முன்னாடி போட்டால் அதற்குப் பின்னால் வருகிற எல்லாவற்றையும் மாற்றிப் போட வேண்டியிருக்கும், அதற்கு யாரால் முடியும் என்பார். அவருடைய மகள் கிணற்றை ஒரு வருஷம் முன்னாடி போட்டுவிட்டு நாலு வருஷம் அதன்மேல் குடியிருந்திருக்கிறாள். சரி, சொல்லாமல் இருந்தால் என்ன. யார் கண்டுபிடிப்பார்கள். வெளியூர் மதிப்பீட்டாளர்கள் முன்னுரையையும் முடிவுரையையும் படிப்பார்கள், கணினி நிரலை யார் ஓட்டிப் பார்க்கப்போகிறார்கள். நூலகத்தில் கறுப்பு அட்டை போட்டு மூன்றாவது மாடியில் வைப்பார்கள், அங்கே ஏற்கெனவே இருப்பவற்றை யாராவது எடுத்துப் பார்த்து அவள் பார்த்ததில்லை. சொன்னால் மேடம் கையெழுத்துப் போடமாட்டார், அவர் போன பிறகு வேறு நெறியாளர் தேட வேண்டும், மூன்று அத்தியாயம் திரும்ப எழுத வேண்டும், ஹாஸ்டல் அறை ஜூலையோடு முடிகிறது, கோயம்புத்தூர் கைவிட்டுப் போகும், அப்பா காராச்சேவு வாங்கிக் கொடுத்த ஆள்களிடம் மறுபடி இழுத்துச் சொல்ல வேண்டும். ஒரு மைனஸ் ஒன்றுக்கு இத்தனையா. பேசாமல் இரு, முப்பத்திமூன்று வயதாகிறது, எல்லாரும் வாய் மூடித்தான் இருக்கிறார்கள் என்று ஒரு குரல். இந்தக் குரலோடு ஹாஸ்டல் படியிறங்கி வரும்போதுதான், தூங்குமூஞ்சி மரத்தடியில், அடுத்தது ஞாபகம் வந்தது. கேள்வித்தாளைத் தட்டச்சு செய்தது அவள். மூன்றாவது கேள்வி, முப்பது மதிப்பெண், கிணறு தோண்டும் குடும்பம். வாக்கியத்தை மேடம் சொல்லச் சொல்ல எழுதினாள், இந்த வருஷம் தோண்டும் கிணறு அடுத்த வருஷம்தான் தண்ணீர் தரும் என்று. சமன்பாட்டை எடுத்து ஒட்டியது தன் ஆய்வேட்டிலிருந்து. அறுபத்தோராம் பக்கம்.

பதினொன்று இருபதுக்கு மூன்றாவது வரிசையில் சுகந்தி கையைத் தூக்கினாள். சுகந்தி இவளைவிடப் பெரியவள், வங்கியில் இரண்டு வருஷம் விடுப்புப் போட்டுவிட்டுப் படிக்க வந்தவள், மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டியிருப்பாள். மேடம், மூணாவதுல எழுத்துல அடுத்த வருஷம் தண்ணின்னு இருக்கு, சமன்பாட்டுல இந்த வருஷமே வர்ற மாதிரி இருக்கு, எதை எடுத்துக்கறது என்று மெதுவாகக் கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள், மரகதவல்லிக்குத்தான் ஒலிபெருக்கியில் கேட்ட மாதிரி இருந்தது. நாலு வருஷத்தில் இதைக் கேட்ட முதல் ஆள். புனேயில் கேட்கவில்லை, மேடம் கேட்கவில்லை, அவளே கேட்டுக்கொள்ளவில்லை, இந்த அம்மாள் ஒரு மணி இருபது நிமிஷத்தில் கேட்டுவிட்டாள். கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலவும் எங்காவது ஓடிவிடலாம் போலவும் இருந்தது, ஆனால் வாய் தன்பாட்டுக்கு, "கேள்வில சமன்பாடு எப்படி இருக்கோ அப்படியே எழுதுங்க" என்று சொல்லிவிட்டது. சுகந்தி சரி மேடம் என்றாள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். பிறகு ஏற்கெனவே ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்ததன்மேல் ஸ்கேலை வைத்து மூலைக்கு மூலை ஒரு கோடு கிழித்து, ரத்து என்று எழுதினாள். மரகதவல்லி நின்ற இடத்திலிருந்தே தலைகீழாகப் படித்துவிட்டாள், ஆறு வருஷத்தில் வந்த ஒரே திறமை அது. அடிக்கப்பட்ட பக்கத்தில் மைனஸ் ஒன்று இருந்தது. சுகந்தி சரியாக எழுதியிருந்தாள்.

அதற்கப்புறம் வரிசைகளுக்கு நடுவே நடக்கப் பிடிக்கவில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்றாள், வெளியே தண்ணீர் லாரிக்காரர் குழாயை மாட்டிக்கொண்டிருந்தார், திரும்பினாள், சுகந்தியின் பேனா நின்று நின்று போனது. தப்பான சமன்பாட்டை வைத்துக்கொண்டு விடைக்குப் போக முடியாது, போனாலும் வாக்கியத்தோடு முட்டும், மற்றவர்களும் அங்கேதான் முட்டிக்கொண்டிருப்பார்கள், ஒருவன் நெற்றியைத் தட்டிக்கொள்கிறான், ஒருத்தி உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி மறுபடி கேள்வியைப் படிக்கிறாள், தனக்குத்தான் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதுதான் தாங்க முடியவில்லை. தனக்குத்தான் புரியவில்லை என்று அவளும் எத்தனை மதியம் நினைத்திருக்கிறாள். கறுப்பு அட்டைக்குள் ஒரு பொய் தூங்குவது வேறு, அது யாரையும் தொந்தரவு செய்யாது, அப்படித்தானே காலையிலிருந்து சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறாள், இங்கே அது எழுந்துவந்து சரியாக எழுதிய ஒருத்தியின் கையைப் பிடித்து அடிக்கவைத்துவிட்டது. கேள்வித்தாளில் திருத்தம் இருந்தால் கண்காணிப்பாளர் பலகையில் எழுத வேண்டும், கீழே தன் பெயரும் நேரமும் போட வேண்டும், அது கதவில் ஏழாவது விதி. பெயரும் நேரமும். எழுதினால் ஒரு மணிக்கு மேடம் பார்ப்பார். கிணற்றுச் சமன்பாடு எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாதா. எழுதாவிட்டால் விடைத்தாளில் எல்லாரும் உளறியிருப்பார்கள், கேள்வி கடினம் என்று மேடம் பத்து மதிப்பெண் கருணையாகப் போடுவார், யாருக்கும் நஷ்டமில்லை. சுகந்திக்கும் பத்து, உதட்டைக் கடித்தவளுக்கும் பத்து. கோமதியாக இருந்தால் இப்போது என்ன செய்வாள், வரப்போகிற எல்லாக் காலத்தையும் கூட்டிப் பார்த்து எது லாபமோ அதைச் செய்வாள், அவளுக்கு எதிரில் பெஞ்சு போட்டு யாரும் உட்கார்ந்திருக்கவில்லை, அவளுக்கு எல்லாம் சுலபம். மரகதவல்லி எப்போது மேடையேறினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. சாக்பீஸ் ஈரமாக இருந்தது, முதல் எழுத்து விழவில்லை, அழுத்தினாள். மூன்றாவது கேள்வி, நாலாவது வரி, வருஷம் டி என்பதை டி மைனஸ் ஒன்று என்று படிக்கவும். மரகதவல்லி. பதினொன்று ஐம்பது. அப்பா சொல்லாமலே கடிகாரத்தைப் பார்த்து நிமிஷம் பிசகாமல் எழுதினாள். பின்னால் பத்தொன்பது பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள், நாசமாப் போச்சு என்று ஒருவன் முனகினான், சுகந்தி கூடுதல் தாள் மட்டும் கேட்டாள். மரகதவல்லி தாளோடு நூலும் கொடுத்தாள். நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று குனிந்து சொன்னபோது, பரவால்ல மேடம், நேரம் இருக்கு என்றாள் அவள்.

அதற்குப் பிறகு ஒரு மணி வரை கிட்டத்தட்ட நிம்மதியாகவே இருந்தது. சொல்ல வேண்டியதைப் பலகை சொல்லிவிடும், மேடம் உள்ளே வருவார், நின்று படிப்பார், திரும்பி அவளைப் பார்ப்பார், வாயைத் திறக்கவே வேண்டாம் என்று நினைத்துக்கொண்டாள். எந்தக் கெட்ட செய்தியையும் எழுதிக் காட்டிப் பழகியவள்தானே. மணி அடித்தது, தாள்களை வாங்கி அடுக்கிக் கட்டினாள், எல்லாரும் போனார்கள், மின்விசிறியின் டக் டக் மட்டும் மிச்சம். மேடம் வந்தார். பருத்திப் புடவை, கையில் பேனா, நடையில் ஓர் அவசரம், ஓய்வு பெறுகிறவர்களுக்கு மட்டும் எப்படித்தான் கடைசி வாரம் அத்தனை வேலை வருகிறதோ. பலகையைப் பார்த்தார். படித்தார்.

"அச்சுப்பிழையா? சரி, நீ பார்த்தியே, அது போதும்" என்றார் மேடம். உறையைப் பிரித்துச் சான்றிதழை வெளியே எடுத்து மேசைமேல் நீவிவைத்தார். "தேதி இன்னைக்கே போட்டுடறேன்."

அவ்வளவுதான். பலகை சொல்லவில்லை. அது சொல்லும் என்று நம்பியது எத்தனை பெரிய கோழைத்தனம் என்று இப்போதுதான் தெரிந்தது. இன்னும் நாலு விநாடி பேசாமல் இருந்தால் போதும், கோயம்புத்தூர், காராச்சேவு, கறுப்பு அட்டை, எல்லாம் அதுபாட்டுக்கு நடந்துவிடும், அவளுக்குத் திறமையாகச் செய்யத் தெரிந்த ஒரே வேலை பேசாமல் இருப்பதுதான். பேனாவின் மூடி கழன்றது. அவள் கண் அந்தப் பேனாமேல் இருந்தது, காது தன் குரலை யாரோ ஒருத்தியின் குரல் மாதிரிக் கேட்டது.

"கையெழுத்துப் போடாதீங்க மேடம். ஆய்வேட்டுலயும் அதே தப்புதான். அறுபத்தோராம் பக்கம். மைனஸ் ஒன்னைப் போட்டா என் முடிவு நிக்கலை."

மேடம் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார். வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்பார் என்று எதிர்பார்த்தாள், இந்த நேரத்திலா என்பார் என்று எதிர்பார்த்தாள். அவரோ பக்கங்களைப் புரட்டினார். அறுபத்தொன்று. நாலாவது சமன்பாட்டின் ஓரத்தில், ஒவ்வொரு பக்கத்திலும் இருப்பதுபோலவே, பென்சிலால் ஒரு டிக் இருந்தது. மேடத்தின் டிக். மரகதவல்லி தனியாக இருந்த மதியங்களில் அந்த டிக்குகளை எண்ணிப் பார்த்திருக்கிறாள், யாரோ ஒருவர் தன்னோடு வரிவரியாக நடந்து வந்திருக்கிறார் என்பதற்கு அது ஒன்றுதான் அடையாளமாக இருந்தது. மேடம் அந்த டிக்கைக் கட்டைவிரலால் தேய்த்தார். அது போகவில்லை, கொஞ்சம் கறுப்பாகப் பரவியது.

"இதை நான் படிச்சேன்னு நினைச்சியா?" என்றார் மேடம்.

ஆமாம் என்று சொன்னாலும் இல்லை என்று சொன்னாலும் மரகதவல்லி அழுதுவிடுவாள் போலிருந்தது. கீழே சாப்பாட்டுக்கூடத்தில் தட்டுச் சத்தம் கேட்டது. மேடம் சான்றிதழை மடித்து உறைக்குள் வைத்தார், பேனாவை மூடினார், பிறகு மூடியை மறுபடி திறந்தார். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, சுகந்தி உட்கார்ந்திருந்த மூன்றாவது வரிசைக்கு ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு போனார். மரகதவல்லியும் பின்னாலேயே போய் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தாள், ஆறு வருஷமாக எந்த பெஞ்சிலும் அப்படி நடுவில் உட்கார்ந்துதான் அவளுக்குப் பழக்கம்.

"கொஞ்சம் தள்ளி உக்காரு" என்றார் மேடம், அறுபத்தோராம் பக்கத்தை அவள் முன்னால் விரித்துவைத்து.

அவள் தள்ளி உட்கார்ந்தாள்.